ஐஸ் பெட்டியில் ஒரு தம்பி

1

ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடி மூன்று விஷயங்கள் வரும். முதலாவது, சுமத்ரா பக்கத்துக் காட்டுத் தீயிலிருந்து கிளம்பி வரும் புகைமூட்டம். இரண்டாவது, ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டருக்குப் பூஜை போட்டாயிற்று என்று சிவகாசியிலிருந்து என் தம்பி செய்யும் போன். மூன்றாவது, பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையிலிருந்து வரும் மின்னஞ்சல்.

மின்னஞ்சல் மிகவும் மரியாதையாக இருக்கும். உங்கள் கரு ஒன்று எங்களிடம் உறைநிலையில் பத்திரமாக இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் வைத்திருக்கலாமா என்று கேட்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் விட்டுவந்த பெட்டியை எப்போது எடுத்துப்போவீர்கள் என்று நாசூக்காகக் கேட்கிற மாதிரி இருக்கும்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மருத்துவமனையில் எங்களுக்கு மூன்று கருக்கள் உருவாயின. ஒன்றை அப்போதே என் வயிற்றில் வைத்தார்கள். அது யாழினி. பதினொரு வயது, வாயைத் திறந்தால் ஆங்கிலம். மற்ற இரண்டையும் உறைய வைத்தார்கள். நாலு வருடம் கழித்து அதில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். அது கவின். ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மிச்சம் ஒன்று இன்னும் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் மின்னஞ்சலைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கணேசன், "இந்த வருஷத்தோட போதும்னு சொல்லிடலாமா?" என்பார். நான், "சாம்பார்ல உப்பு போதுமான்னு பாருங்க" என்பேன். அவர் பார்த்து, போதும் என்பார். இன்னும் ஒரு வருடம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். இப்படியே காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

இந்த ஆகஸ்டில் அந்தச் சாமர்த்தியம் செல்லவில்லை. மருத்துவமனை புதுக் கட்டடத்துக்கு மாறுகிறதாம். தொட்டிகளை எல்லாம் இடம் மாற்றுவதற்கு முன், பத்து வருடத்துக்கு மேலாக வைத்திருப்பவர்கள் கணவனும் மனைவியுமாக நேரில் வந்து, மாத முடிவுக்குள் ஒரு முடிவைச் சொல்ல வேண்டுமாம். கணேசன் என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்து நான் சாம்பார் வைக்கவில்லை.

2

நான் சிவகாசிக்காரி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் அச்சகத்தில் வேலை பார்ப்பார்கள். என் அப்பா தினசரிக் காலண்டர் அட்டைக்குத் தகரம் அடிக்கிற பிரிவில் மேஸ்திரியாக இருந்தார். ஊருக்கெல்லாம் நல்ல நேரம் அச்சடித்துக் கொடுத்த ஊரில் பிறந்து, கல்யாணமாகி ஏழு வருடம் எனக்கு நல்ல நேரம் வரவில்லை.

"விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி தெரியும்தானே? பெண்ணாகப் பிறந்து கல்யாணம் ஆகிவிட்டால் பால்காரர் முதல் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி வரைக்கும் அதைக் கேட்கலாம். என் தங்கையின் வளைகாப்பில் எல்லாரும் வரிசையாகப் போய் அவளுக்கு வளையல் போட்டார்கள். என் முறை வரும்போது அத்தை ஒருத்தி, "நீ போயி புளிசாதம் தீருதா பாரும்மா" என்றாள். சடங்கு முடியும் வரைக்கும் புளிசாதத்துக்குக் காவல் இருந்தேன். அது தீரவே இல்லை. அன்றைக்கு நான் அழவில்லை, ஆனால் இன்றுவரை எனக்குப் புளிசாதம் பிடிப்பதில்லை.

கணேசனுக்கு இங்கே மலாய் நாட்டில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்தபோது, எல்லோரும் சம்பளத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். நான் இனிமேல் அந்தக் கேள்வி போனில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வரும் என்று சந்தோஷப்பட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்த மூன்றாம் நாள், பூக்கடை ஆன்டி மல்லிகைச் சரத்தை அளந்துகொண்டே, "எத்தன பிள்ளைங்க மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ரெண்டு முழம் வச்சுக்கோ" என்று கூடுதலாக ஒரு முழம் தந்தார். எங்கள் ஊருக்கும் இந்த ஊருக்கும் அந்த ஒரு முழம்தான் வித்தியாசம்.

இரண்டு வருடம் கழித்து மருத்துவமனைக்குப் போனோம். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் யாருக்கும் சொல்லவில்லை. மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல விஷயம் புஷ்பா அக்கா. கிள்ளானிலிருந்து தினமும் வேலைக்கு வரும் நர்ஸ், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். முதல் நாளே காத்திருப்பு அறை முழுக்கக் கேட்கும்படி, "சுப்பையா! சுப்பையா யாரு?" என்று கூப்பிட்டார். நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சுப்பையா என் மாமனார். அவர் சாத்தூரில் மிளகாய் மண்டியில் இருந்தார்.

நம் ஆட்கள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருக்கிறது, இந்த ஊர்க் கணினி அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் என் கோப்பு முழுக்க என் அப்பா வேலுச்சாமி, கணேசன் கோப்பு முழுக்க அவர் அப்பா சுப்பையா. இரத்தப் பரிசோதனை வேலுச்சாமிக்கு. மற்றப் பரிசோதனை, அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, சுப்பையாவுக்கு. கடைசியில் கருக்கள் இருந்த குழாயின் சீட்டிலும் அந்த இரண்டு பெயர்கள்தான். எங்கள் கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வரவில்லை என்பதில் ஆரம்பித்து, சாகும்வரை பேசிக்கொள்ளாத சம்பந்திகள் அவர்கள். இன்றைக்கும் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில், ஒரே சீட்டில், தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கிறார்கள்.

3

கருவை வயிற்றில் வைப்பதற்குக் குறித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். என் தம்பி அனுப்பிய சிவகாசிக் காலண்டர். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம்.

ஏழு வருடம் காத்திருந்து, ஐம்பது ஊசி குத்திக்கொண்டு, பிள்ளையை ராகு காலத்திலா வைத்துக்கொள்வது? கணேசனைப் போன் செய்ய வைத்தேன். ஐஎஸ்ஓ தரச்சான்று பெற்ற தொழிற்சாலையில் உட்கார்ந்துகொண்டு அவர் குரலைத் தாழ்த்தி, நேரத்தை மாற்ற முடியுமா என்று கெஞ்சினார். சீன டாக்டர் இந்த மாதிரி ஆயிரம் பேரைப் பார்த்தவர். "ராகு? ஓகே லா, பன்னிரண்டே கால்" என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை எந்தக் காலண்டரும் சொல்லாது. கருவை வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். நான் பழைய நேரத்தை மனதில் வைத்து ஒன்பதரைக்கே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டேன். பன்னிரண்டே கால்வரைக்கும் அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த சாமிப் பெயர் எல்லாம் தீர்ந்து, தெருப்பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, கரு தங்கிவிட்டது என்று முடிவு வந்தது. புஷ்பா அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். நான் அழுது முடித்தபிறகு நிதானமாகச் சொன்னார்.

"உனக்கு ஒண்ணு சொல்லவா மா? இங்க சூரியன் ஏழு மணிக்கு மேலதான் வர்றான். ஊர்ல ஆறு மணிக்கே வந்துடறான். அப்ப இங்க வெள்ளிக்கிழம ராகு காலம் எப்ப ஆரம்பிக்கும்?"

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். பதினொன்றே முக்கால்வாக்கில் ஆரம்பித்து ஒரு மணி தாண்டும். பத்தே முக்கால் மணி ஒரு பாவமும் அறியாத நல்ல நேரம். நாங்கள் கெஞ்சிக் கூத்தாடி, பிள்ளையை ராகு காலத்தின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்திருந்தோம்.

"அக்கா, அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஒன்றர வரைக்கும் அடக்கிக்கிட்டுப் படுத்திருப்ப. அப்புறம் பெட் யாரு தொடைக்கிறது?"

சிவகாசிக்காரி காலண்டரில் ஏமாந்த கதை இது. எங்கள் ஊரில் வெளியே சொன்னால் அச்சகத்துக்குள் விடமாட்டார்கள். நாலு வருடம் கழித்துக் கவினுக்கு, கிள்ளானில் அச்சடித்த காலண்டரை வாங்கி, நிமிட சுத்தமாகப் பார்த்து நல்ல நேரத்தில் வைத்தோம். பலன் என்னவென்றால், ராகு காலத்தில் வைத்தவள் வகுப்பில் முதலாவதாக வருகிறாள். நல்ல நேரத்தில் வைத்தவன் வாரத்துக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தொலைக்கிறான்.

4

பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் அவர்கள் அப்பா. மருத்துவமனையில் மூன்று கருக்களையும் படமெடுத்துக் கொடுத்திருந்தார்கள், மூன்று வட்டம், அவ்வளவுதான். அதை ஆல்பத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். யாழினி கண்டுபிடித்து, "வாட் இஸ் திஸ்?" என்றாள். நான் பொய் சொல்ல வாயெடுப்பதற்குள், கணேசன் வெள்ளைப் பலகையை எடுத்துவந்து அம்புக்குறி போட்டு முழுக்க விளக்கிவிட்டார். அவருக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பாஷைதான் வரும். "நீங்க மூணு பேரும் சேம் பேட்ச்" என்று முடித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. கவின் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். சேம் பேட்ச் என்றால் சேம் வயசு. சேம் வயசு என்றால் அக்கா தூங்கும் நேரத்துக்குத்தான் அவனும் தூங்குவான். அக்காவுக்குக் கைப்பேசி உண்டென்றால் அவனுக்கும் உண்டு.

"யூ வேர் ஃப்ரோசன். இட் டசன்ட் கவுன்ட்" என்பாள் அவள்.

"தமிழ்ல சொல்லு, எனக்குப் புரியல" என்பான் இவன். நன்றாகவே புரியும். அக்காவை எரிச்சலூட்ட மட்டுமே என் மகன் தூய தமிழ் பேசுகிறான். எந்தக் காரணமாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

சண்டை முற்றும்போது அவனிடம் ஒரே ஒரு துருப்புச்சீட்டு இருக்கும். "இரு, இரு. தம்பி வரட்டும். அப்ப நானும் அண்ணன்." அது தம்பிதான் என்று அவனே முடிவு செய்துவிட்டான். அதை யாரும் மறுக்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். என் தவறு அதுதான்.

யாழினி ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தாள். இரண்டு கிலோகூட இல்லை, ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அதனால் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. பிள்ளைகள் தும்மினால், "அப்படி உண்டாக்கியதால்தான் இப்படியோ?" என்று நெஞ்சு அடிக்கும். பிள்ளை கொஞ்சம் லேட்டாக நடந்தால் அதனால்தான். கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்தால் அதனால்தான். இட்லி பிடிக்காமல் போனதுகூட அதனால்தானோ என்று யோசித்திருக்கிறேன்.

சுபாங் ஜெயாவில் எங்கள் குழந்தை மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், சிரிக்காமலே பேசுவார். யாழினி சீக்கிரம் பிறந்ததால் இரண்டு வயது வரைக்கும் எடை, கண், காது, மூச்சு எல்லாவற்றையும் தவறாமல் பார்த்தார், அதற்கப்புறம் இனி இவள் மற்றப் பிள்ளைகள் போலத்தான் என்று சொல்லிவிட்டார். கவினுக்கு இழுப்பு மாதிரி வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"டாக்டர், நாலு வருஷம் ஐஸ்ல இருந்த புள்ள. அதனால இருக்குமா?"

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். "வீட்டில ஏசி எத்தினையில போடுறீங்கள்?"

"பதினாறு."

"அப்ப இப்பவும் நீங்கள் உறைய வைச்சுக்கொண்டுதானே இருக்கிறியள். இருபத்தஞ்சில போடுங்கோ."

இருபத்தைந்தில் போட்டோம். இழுப்பு நின்றது. கணேசனுக்கு வியர்க்கிறது, அதற்கு மருந்தில்லை.

5

மின்னஞ்சல் வந்து பத்து நாளாகியும் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அப்போதுதான் தேவி டீச்சர் போன் செய்தார். கவினுடைய வகுப்பாசிரியை, முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, நீங்க கொஞ்சம் ஸ்கூலுக்கு வர முடியுமா? பயப்படாதீங்க. கவின் ஓகே. அவன் ஒரு கட்டுரை எழுதியிருக்கான் லா."

போனேன். ஆசிரியர் அறையில் தேவி டீச்சர், தலைமையாசிரியை, மாணவர் ஆலோசகர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கவினின் நோட்டு. 'என் குடும்பம்' என்று தலைப்பு.

'என் பெயர் கவின். என் குடும்பத்தில் ஐந்து பேர். அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி. தம்பி பெட்டாலிங் ஜெயாவில் ஐஸ் பெட்டியில் இருக்கிறான். அப்பாவும் அம்மாவும் வருடா வருடம் கையெழுத்துப் போடுவார்கள். தம்பி சாப்பிட மாட்டான். பேச மாட்டான். அவன் வெளியே வந்தால் நான் அண்ணன்.'

கீழே ஒரு குளிர்பெட்டி படம். அதற்குள் சிரித்த முகத்தோடு ஒரு வட்டம்.

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். "அம்மா, நாங்க தப்பா நினைக்கல. ஆனா வீட்ல ஏதாச்சும் துக்கம் நடந்திருந்தா சொல்லுங்க. நலத்துறைக்கு நாங்க ரிப்போர்ட் பண்ண வேண்டியது இருக்கும்."

பன்னிரண்டு வருடம் கட்டிக்காத்த ரகசியம். பூக்கடை ஆன்டிக்குத் தெரியாது, கோயிலில் தெரியாது, சிவகாசியில் என் சொந்தத் தங்கைக்குத் தெரியாது. பிணத்தை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று புகார் போவதைத் தடுக்க, பத்தே நிமிடத்தில் மூன்று பேரிடம் முதலிலிருந்து சொல்லி முடித்தேன். வெள்ளைப் பலகை ஒன்றுதான் இல்லை.

ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியை எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் மருமகளுக்குக் கேக்கறேன். அந்த கிளினிக் எந்த ரோட்ல இருக்கு?" என்றார்.

நான் வாசலுக்கு வந்தபோது தேவி டீச்சர் பின்னாலேயே வந்தார். கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றார். "கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. அந்த ஊசி ரொம்ப வலிக்குமா?"

அவர் தோளில் கைவைத்தேன். "வலிக்கும். ஆனா 'விசேஷம் உண்டா'ன்னு கேப்பாங்களே, அந்த அளவுக்கு வலிக்காது" என்றேன். அவர் சிரித்தார், கூடவே கண்ணும் கலங்கியது. புஷ்பா அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. இத்தனை வருடம் எதற்கு இதை ஒளித்து வைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஆனால் நோட்டிலிருந்த கடைசி வரி என்னை விடவில்லை. அவன் வெளியே வந்தால் நான் அண்ணன். என் மகன் ஒருத்தனுக்காகக் காத்திருக்கிறான். நாங்கள் அவனைக் காக்க வைத்துக்கொண்டிருக்கிறோம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூன்றாவது குழந்தை வேண்டாம். நாற்பத்து நாலு வயது, முழங்கால் வலி, மாத்திரை டப்பாவில் என் பங்கு கூடிக்கொண்டே போகிறது. ஆனால் வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை. ஏழு வருடம் வேண்டும், வேண்டும் என்று கோயில் கோயிலாகக் கேட்டவள் நான். கிடைத்ததில் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால், மற்ற இரண்டையும் பற்றி மேலே யாராவது யோசிக்க ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயம். இந்தப் பயத்துக்குத் தர்க்கம் கிடையாது. கணேசனிடம் சொன்னால் அம்புக்குறி போடுவார் என்று சொல்லவும் இல்லை.

6

மாதக் கடைசி நெருங்கியது. போவதற்கு நாள் பார்க்கக் காலண்டரைத் திருப்பினேன். கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது, கிணறு வெட்ட நாள் இருக்கிறது, காது குத்த இருக்கிறது, மாடு வாங்க இருக்கிறது. உறைந்திருக்கும் ஒன்றை வழியனுப்ப நாள் இல்லை. என் அப்பா காலம் முழுக்கத் தகரம் அடித்த காலண்டரில் எனக்கென்று ஒரு கட்டம் இல்லாமல் போயிற்று. கணேசனுக்கு விடுப்புக் கிடைத்த நாளில் போனோம்.

புஷ்பா அக்கா தலை முழுக்க நரைத்துவிட்டார், குரல் மட்டும் குறையவில்லை. மலாயும் ஆங்கிலமுமாக இருந்த படிவத்தை முன்னால் வைத்தார். மூன்று கட்டங்கள். மேலும் வைத்திருக்கலாம். அகற்றிவிடலாம். பயிற்சிக்குக் கொடுக்கலாம்.

வருடா வருடம் "போதும்னு சொல்லிடலாமா?" என்று கேட்டவர் கணேசன். பேனா அவர் கையில்தான் இருந்தது. இரண்டாவது கட்டத்தில் குறி போடுவார் என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பேனா நகரவில்லை.

"புதுக் கட்டடத்துக்குத் தொட்டிய மாத்தும்போது டெம்பரேச்சர் ஏறாதா?" என்று கேட்டார்.

"ஏறாது அண்ணே."

"கரண்ட் போனா?"

"அது கரண்ட்ல இல்ல அண்ணே, நைட்ரஜன்."

"நைட்ரஜன் கொண்டு வர்ற லோரி லேட்டானா?"

புஷ்பா அக்கா என்னைப் பார்த்தார். நான் கணேசனைப் பார்த்தேன். மூக்கு நுனி சிவந்திருந்தது. "இன்னும் ஒரு வருஷம் போட்டுடுவோமா? ஒரே ஒரு வருஷம்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடம் இந்த மனுஷன் எனக்காகக் கையெழுத்துப் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். தனக்காகவும்தான் போட்டிருக்கிறார்.

"மூணாவது கட்டம்னா என்னக்கா?" என்று கேட்டேன்.

"புதுசா லேப்புக்கு வர்ற பிள்ளைங்க அதுல கத்துக்குவாங்க மா. எப்படி ஐஸ்லேந்து எடுக்கறது, எப்படிக் கை நடுங்காம புடிக்கறது. புத்தகத்தப் பாத்து அது வராது." படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "உன் பொண்ண அன்னைக்கு லேப்ல கை நடுங்காம எடுத்துக் குடுத்தாளே ஒருத்தி, அவளும் இப்படி யாரோ குடுத்ததுலதான் கத்துக்கிட்டா."

அந்த யாரோவைப் பற்றி நான் இதுவரைக்கும் நினைத்ததே இல்லை. ஒருத்தி இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, மூன்றாவது கட்டத்தில் குறி போட்டிருக்கிறாள். அதனால் ஒரு பெண்ணின் கை நடுங்காமல் இருந்திருக்கிறது. அதனால் யாழினி என்கிட்டே ஆங்கிலத்தில் எதிர்த்துப் பேசுகிறாள். தேவி டீச்சர் வரும்போது எந்தக் கை பிடிக்கப்போகிறதோ, அதுவும் எதிலாவது கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்.

பேனாவை வாங்கி மூன்றாவது கட்டத்தில் குறி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். கணேசனும் போட்டார், தன் வழக்கப்படி தேதியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்க அப்பா ஒரு புள்ளயாவது மெடிக்கல் காலேஜ் போகணும்னு சொல்லிட்டே இருந்தாரு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். லிஃப்டுக்குள் இருந்த சீனத் தம்பதி, எங்களுக்கு நல்ல முடிவு வந்திருக்கிறது என்று நினைத்து, "கங்கிராட்ஸ்" என்றார்கள். கணேசன் தேங்க்ஸ் சொல்லிவிட்டார்.

7

பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வீட்டில் சொன்னால் நான் உடைந்துபோவேன், நாலு பேர் இருக்கும் இடத்தில் அடக்கிக்கொள்வேன் என்று ஒரு கணக்கு. இலை போட்டார்கள். சோறு வந்தது. நான் ஆரம்பித்தேன்.

"கவின், தம்பி வரமாட்டான்டா."

அவன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினான். "ஏன்?"

"டாக்டருங்க கத்துக்கறதுக்காக அவனக் குடுத்துட்டோம். நிறைய அம்மாங்களுக்குப் பாப்பா வேணும்ல? அதுக்குக் கத்துக்கணும்."

"கத்துக்கிட்டப்புறம் திருப்பித் தருவாங்களா?"

"இல்லடா."

கணேசன் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாழினி, "ஸோ இட்ஸ் ஓவர் லா" என்று மெல்லச் சொன்னாள். வழக்கம்போல் கிண்டலாக இல்லை.

கவின் அழுவான் என்று நான் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அவன் அழவில்லை. அப்பளத்தை நொறுக்கினான், சாப்பிடவில்லை.

"அப்ப நான் அண்ணன் இல்லையா?"

இத்தனை வருடம் என்னைக் கேட்ட கேள்வி எல்லாவற்றையும்விட இது கஷ்டமாக இருந்தது. நான் கணேசனைப் பார்த்தேன். வெள்ளைப் பலகை இல்லாமல் அவர் இலையின் ஓரத்தில் விரலால் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்.

கவின் அப்பளத் துண்டுகளை இலை ஓரத்துக்குத் தள்ளினான். "அம்மா, அவன் அங்க தனியாவா இருந்தான்?"

"ஆமா. நீ வந்ததுலேந்து தனியாத்தான்."

"நான் வர்றதுக்கு முன்னாடி?"

"முன்னாடி நீயும் அங்கதான்டா இருந்த. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல."

"எத்தன நாள்?"

"நாலு வருஷம்."

அவன் இடது கையில் நாலு விரலை எண்ணி நிறுத்தினான். முகம் மாறிற்று. அக்காவின் பக்கம் திரும்பி, அந்த விரல்களை அவளுக்கு நேராக நீட்டினான்.

"நீ முன்னாடியே போயிட்ட. நாலு வருஷம் நான்தான் அவனப் பாத்துக்கிட்டேன்."

யாழினி அந்த நாலு விரல்களையும் பார்த்தாள். தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவன் இலையில் வைத்தாள்.

"தேங்க்ஸ் அண்ணே" என்றாள்.